தொட்டால் ஒன்றும் செய்யாத பிராணி

விலங்கியல் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, உங்கள் ஆண்டு மலருக்கு என் பணி அனுபவத்தை எழுதித் தரச் சொன்னீர்கள். சாதனை ஏதாவது எழுதுவேன் என்று நினைத்திருந்தால் இந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிடுங்கள். தொண்ணூறு தாண்டியவனுக்குச் சாதனைகள் மறந்துவிடும். அசடு வழிந்ததெல்லாம் மட்டும் தேதி வாரியாக ஞாபகம் இருக்கும்.

போன வாரம் உங்களில் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். உலகத்தில் நரம்பு மண்டலம் ஒரே தடவைதான் தோன்றியதா, தனித்தனியாக இரண்டு தடவை தோன்றியதா என்று விஞ்ஞானிகளுக்குள் பெரிய சண்டை நடப்பதாகச் சொல்லி என் அபிப்பிராயத்தைக் கேட்டார். சர்வீசில் நான் பார்த்த சில மேலதிகாரிகளை வைத்துச் சொன்னால், அது ஒரு தடவைகூடத் தோன்றவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். அவரிடம் அப்படிச் சொல்லவில்லை. காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். இப்போது சொல்லப் போவது அந்த நரம்பை வைத்தே என் பிழைப்பு ஊசலாடிய கதை.

ஆந்திரா தனியாகப் பிரிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. மெட்ராசுக்கும் ஆந்திராவுக்கும் நடுவே எல்லைக்கோடு எந்த வயல் வழியாகப் போகும் என்பது மட்டும் தீராமல் இழுத்துக்கொண்டிருந்தது. எங்கள் வீடு நகரிப் பக்கம். விவசாயக் குடும்பம், வீட்டில் தமிழ், சந்தையில் தெலுங்கு. நான் பட்டம் வாங்கித் திருப்பதியில் ஒரு கல்லூரியில் டெமான்ஸ்ட்ரேட்டராகச் சேர்ந்திருந்தேன். டெமான்ஸ்ட்ரேட்டர் என்றால் பாடம் நடத்துகிறவர் அல்ல. தவளையைப் பிடித்து வந்து கொடுத்து, பையன்கள் அறுத்து முடித்ததும் அது தவளைதான் என்று அடையாளம் சொல்லுகிறவர். அந்த வேலையும் தற்காலிகம்.

தற்காலிகம் என்பது என்னைவிட என் தாய்மாமனுக்குத்தான் அதிகம் உறுத்தியது. அவர் மகள் கமலாவை எனக்கென்று பேசி வைத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஊருக்குப் போகும்போதெல்லாம் மாமா ஒரே பதிலைச் சொல்லுவார்.

"டெம்ப்ரவரி வேலைக்கு டெம்ப்ரவரியாத்தான் மாப்ளே பொண்ணு குடுக்க முடியும். பர்மனென்ட்டு ஆவட்டும், மறுநாளே முகூர்த்தம் வச்சிக்கலாம்."

கமலா கதவுக்குப் பின்னால் நின்று சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது.

அந்த வருஷம் எங்கள் கல்லூரி விலங்கியலில் பட்ட வகுப்பு தொடங்க அனுமதி கேட்டிருந்தது. பல்கலைக்கழகத்திலிருந்து மூன்று பேர் கொண்ட குழு வந்து ஆய்வுக்கூடத்தைப் பார்க்கும். திருப்தி என்று எழுதினால் வகுப்பு உண்டு, என் வேலை நிரந்தரம். இல்லையென்றால் வருஷக் கடைசியோடு நான் வீட்டுக்குப் போகலாம். இதை எங்கள் துறைத் தலைவர் என்னிடம் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். அவர் நெல்லூர்ப் பக்கத்துத் தெலுங்குக்காரர், தங்கமான மனுஷர். ஆனால் அதிகாரி என்ற சொல் காதில் விழுந்தாலே பதறிவிடுவார். நல்ல யோசனைகள் அவருக்கு அந்த நேரத்தில்தான் உதிக்கும் என்பதையும் சொல்ல வேண்டும்.

"ஏமய்யா," என்றார் ஒருநாள், "ஆறு ஜாடி வைக்கறோம். ஆறுலயும் உயிரோட பிராணி. ஒவ்வொண்ணா அவங்களையே தொட்டுப் பாக்கச் சொல்றோம். முதல் ஜாடில ஒண்ணும் நடக்காது. கடைசி ஜாடில தவளை குதிக்கும். நடுவுல நரம்பு வளர்ந்த கதை. எப்படி?"

உண்மையிலேயே அழகான யோசனை. முதல் ஜாடிக்கு ஸ்பாஞ்சு. நம் ஏரிக் கற்களிலும் கிணற்றுப் படிகளிலும் பச்சை அப்பம் மாதிரி ஒட்டிக் கிடக்குமே, அது. அதன் உடம்பில் சாட்டை வால் அடித்துத் தண்ணீர் இழுக்கும் செல் உண்டு. குளத்தில் தனியாகத் திரியும் ஒற்றைச் செல் ஜீவன் ஒன்று அச்சு அசல் அதே முகஜாடையில் இருக்கும். முள் கட்டுகிற செல் உண்டு, ஒரு வேலையிலும் நிலைக்காமல் அங்குமிங்கும் அலைகிற செல்லும் உண்டு. நரம்புச் செல் மட்டும் கிடையாது. ஆகவே தொட்டால் ஒன்றும் செய்யாது. இரண்டாவது ஜாடியில் ஹைட்ரா. நூல் துண்டு அளவு, நுனியில் ஐந்தாறு கைகள். கொட்டுவதற்கு ஒரு செல், சுருங்குவதற்கு ஒரு செல் என்று வேலை பிரிந்துவிட்டது. நரம்பும் வந்துவிட்டது, ஆனால் தலை என்று ஒன்று இல்லாமல் உடம்பு முழுக்க வலையாகப் பரவியிருக்கிறது. மூன்றாவது, மாறுகண் போட்ட தட்டைப்புழு. முன்பக்கம் கொஞ்சம் நரம்பு திரண்டு, தலை மாதிரி ஏதோ ஒன்று ஆரம்பிக்கிறது. அப்புறம் மண்புழு, கரப்பான், தவளை.

ஸ்பாஞ்சும் ஹைட்ராவும் ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால் வேப்பமரத்தடித் தொட்டியில் செழிப்பாக இருந்தன. ஒரு வருஷமாகப் பிள்ளை மாதிரி வளர்த்தவை. மற்ற நான்கும் உள்ளே, பாத்திரங்களில்.

நம் பக்கத்தில் அதிகாரி வருகிறார் என்றால் அவருக்கு முன்னால் வருவது சுண்ணாம்பு. கல்லூரி முழுக்க அடித்தார்கள். சுவர், மதில், மரத்தின் அடிப்பாகம், வழியில் கிடந்த கல், எதையும் விடவில்லை. அசையாமல் நின்றிருந்தால் முதல்வரையும் அடித்திருப்பார்கள். நான் உள்ளே உட்கார்ந்து ஜாடிகளுக்குப் பெயர்ச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். லத்தீன் பெயர்கள், சாய்வெழுத்து, ஒரு எழுத்து பிசகினாலும் சீட்டு வீண். சுண்ணாம்பு அடிக்கிறவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"சார், பின்னாடி தொட்டில தண்ணி பச்சைப் பசேல்னு கீது. வர்றவங்க பாத்தா இன்னா நெனைப்பாங்க? கொஞ்சம் சுண்ணாம்பு கரைச்சி ஊத்தினா பளிச்சினு தெளிஞ்சிடும். ஊத்தட்டா?"

"உம்," என்றேன்.

காதில் விழுந்தது. மூளைக்குப் போகவில்லை. இரண்டு மணி நேரம் கழித்துப் போயிருக்கலாம், அப்போதும் போகவில்லை. மறுநாள் காலையில் தொட்டியை எட்டிப் பார்த்தபோதுதான் போய்ச் சேர்ந்தது. தண்ணீர் அப்படி ஒரு தெளிவு. அடியில் கிடந்த கூழாங்கல்லை எண்ணலாம். உயிர் என்று ஒன்றுகூட மிச்சமில்லை. ஸ்பாஞ்சு ஒட்டியிருந்த செங்கல்லில் சாம்பல் நிறத்தில் ஏதோ கூழ் வழிந்துகொண்டிருந்தது. மோந்து பார்த்தேன், அதற்காக இன்றுவரை வருத்தப்படுகிறேன்.

குழு வருவது மறுநாள் பதினோரு மணிக்கு.

தலைவர் நாற்காலியில் சாய்ந்து "அய்யோ ராமா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் "அய்யோ ராமா" என்றார். ஆய்வுக்கூட அட்டெண்டர் முனுசாமிதான் முதலில் உருப்படியாகப் பேசினார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், குளம் குட்டை எல்லாம் அத்துப்படி.

"சார், புத்தூருக்கு அந்தாண்ட ஒரு ஏரி கீது. அல்லி எலை மூடிக்கினு கெடக்கும். எட்டு மணி பஸ்ஸைப் புடிச்சா சாயங்காலம் திரும்பிடலாம்."

கிளம்பினோம். தலைவர் வாசல்வரை வந்து, "காலி ஜாடி மட்டும் இருக்கக் கூடாது அய்யா. ஆறுன்னு லெட்டர்ல எழுதிட்டோம்" என்றார்.

ஏரியைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. அல்லி இலையின் அடிப்பக்கத்தில் ஹைட்ரா கட்டாயம் இருக்கும். ஆனால் எனக்கு நீச்சல் தெரியாது. முனுசாமி என் இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்றார். ஆழம் பார்க்க அடி அடியாகக் கோடு போட்ட ஒரு மூங்கில் கோலை எடுத்துக்கொண்டு நான் தண்ணீரில் இறங்கினேன். கழுத்தில் பூதக்கண்ணாடி தொங்கியது. முழுக்கால் சட்டையை மடித்து முழங்காலுக்கு மேல் விட்டிருந்தேன்.

இதைக் கரையிலிருந்து பார்க்கிறவர் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று நான் யோசிக்கவில்லை. ஒருத்தன் தண்ணீரில் அளவுகோலை ஊன்றுகிறான். இன்னொருத்தன் கரையில் கயிறு பிடிக்கிறான். எல்லைத் தகராறு நடக்கிற காலம். பத்து இலை எடுத்து ஜாடியில் போட்டு நிமிர்கிறேன், கரையில் ஊரே நின்றுகொண்டிருக்கிறது.

"யாருய்யா நீ? யாரைக் கேட்டு ஏரியை அளந்துக்கினு கீறே?"

"அளக்கலைங்க. பிராணி தேடறேன்."

"கோலு வச்சிக்கினு, கவுறு கட்டிக்கினு பிராணி தேடறானாம். எங்களைப் பாத்தா எப்டிக் கீது உனுக்கு?"

கரைக்கு ஏறி வந்தேன். அவர்கள் கவலை நியாயமானது. எல்லைக்கோடு கரை மேல் விழுந்தால் ஏரி ஒரு ராஜ்யத்துக்குப் போகும், அது பாய்கிற நிலம் இன்னொரு ராஜ்யத்துக்குப் போகும். அப்புறம் மடை திறக்க யாரிடம் மனு போடுவது? ஊரில் பாதிப் பேர் மெட்ராஸ் பக்கம் போக வேண்டும் என்றும் பாதிப் பேர் ஆந்திராவிலேயே இருக்க வேண்டும் என்றும் பிரிந்திருந்தார்கள் என்பது இரண்டு நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. ஒருவர் என்னைத் தனியாக இழுத்தார்.

"ஏரியை எங்க பக்கம் போட்டுடு சாமி. ஒரு மூட்டை வேர்க்கடலை பஸ்ல ஏத்தி உடறேன்."

உடனே இன்னொருவர், அந்த ஆள் பேச்சை நம்பாதே, ஏரி எங்களுடையது என்று தெலுங்கில் குறுக்கே வந்தார். "ஆயன மாட்ட நம்மொத்து சார். ஈ செருவு மாதி. எங்க தாத்தா வெட்டின செருவு."

மணியக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். நிதானமான ஆள். அவர் நிதானம்தான் எனக்கு நல்லதாகப் படவில்லை.

"அவசரம் ஒண்ணும் இல்ல. கோலு, கவுறு, ஜாடி எல்லாம் நம்ம வூட்ல இருக்கட்டும். தாசில்தார் வருவாரு. அவரு சொன்னா எடுத்துக்கினு போவட்டும்."

தாசில்தார் எப்போது வருவார் என்று கேட்டேன். பொங்கலுக்குள் வந்துவிடுவார் என்றார். பொங்கலுக்கு மூன்று வாரம் இருந்தது. திருப்பதி பஸ்ஸுக்கு மூன்று மணி நேரம் இருந்தது.

தம்பிகளே, நெருக்கடியில் புத்தி எப்படி வேலை செய்யும் என்று கேட்பீர்கள். கேவலமாக வேலை செய்யும். ஆமாம், நான் சர்வேயர்தான், ஏரி உங்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டு ஜாடியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் 'உங்களுக்குத்தான்' என்பதை எந்தப் பாதியைப் பார்த்துச் சொல்வது? இந்தப் பாதியைப் பார்த்துச் சொன்னால் அந்தப் பாதி அடிக்கும். வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன்.

"கையளவுகூட இல்லைங்க அது. நூல் மாதிரி இருக்கும். தலை இல்ல, மூளை இல்ல. அதைத்தான் தேடி வந்தோம்."

நாற்று முடிச்சோடு நின்றிருந்த ஒரு அம்மாள் கேட்டார். "மூளை இல்லாத பிராணிக்காடா இம்மாந்தூரம் வந்தே? தாலுகா ஆபீசு உங்க ஊர்லயே கீதே!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மணியக்காரரும் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு ஒருவரைப் பிடித்து வைப்பது கொஞ்சம் கஷ்டம். முனுசாமி அந்தச் சந்தர்ப்பத்தை விடவில்லை. "சார், காட்டிடுங்க சார்" என்றார்.

ஜாடியை மதகுக் கல் மேல் வெயில் படும்படி வைத்தேன். ஹைட்ரா ஆடி அசங்கினால் சுருங்கிக்கொள்ளும். திரும்ப விரிய நேரம் ஆகும். "கொஞ்சம் பொறுங்க" என்றேன். ஊரே பொறுத்தது. அத்தனை பேர் ஒரு ஜாடியைச் சுற்றி மூச்சுவிடாமல் நின்ற காட்சியை நான் அதற்கப்புறம் எந்த வகுப்பிலும் பார்க்கவில்லை. ஒரு இலையிலிருந்து மெல்ல ஒரு நூல் இறங்கியது. நுனியில் கைகள் விரிந்தன. பூதக்கண்ணாடி கை மாறிக் கை மாறிப் போனது. அந்த அம்மாள் ஒரு புல்லைக் கிள்ளி எடுத்து அதை ஒரு குத்துக் குத்தினார்.

"அய்ய! கடுகாட்டம் ஆயிடுச்சே!"

மறுபடி விரியும்வரை காத்திருந்து இன்னொரு இடத்தில் குத்தினார். மறுபடியும் கடுகு. அப்புறம் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"எங்க குத்தினாலும் ஒடம்பு மொத்தமும் சுருங்குது. அப்ப எங்க குத்தினாங்கன்னு அதுக்குத் தெரியுமா, தெரியாதா?"

நான் படித்த புத்தகத்தில் அந்தக் கேள்வி இல்லை. லேசாகத் தொட்டால் அந்தக் கை மட்டும் மடங்கும், பலமாகத் தொட்டால் முழு உடம்பும் சுருங்கும், நரம்பு வலை மாதிரி இருக்கிறது, அதுவரைக்கும் எனக்குத் தெரியும். ஆனால் தெரியுமா என்றால் யாருக்குத் தெரியும் என்று கேட்கிறார்? தலையே இல்லாத இடத்தில் தெரிந்துகொள்கிறவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார்?

"எனக்குத் தெரியாதும்மா," என்றேன்.

மணியக்காரர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "உடுங்கப்பா, இவரு கெவர்மென்ட்டு ஆளு இல்ல" என்றார். "கெவர்மென்ட்டு ஆளு எவனாவது தெரியாதுன்னு சொல்லிக் கேட்டுக்கீறீங்களா?"

அதோடு விட்டுவிட்டார்கள். வேர்க்கடலைக்காரர் மட்டும் கடைசிவரை நம்பவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு படி கடலையை முனுசாமி மடியில் கட்டிவிட்டார். ஸ்பாஞ்சு தேட நேரம் இல்லை. ஹைட்ரா ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு, பஸ் குலுங்கும்போதெல்லாம் கைக்குழந்தையைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு திருப்பதி வந்து சேர்ந்தேன். முதல் ஜாடியில் ஸ்பாஞ்சின் படம் ஒன்றை வைத்து, இறந்துவிட்டது என்று எழுதிவிடலாம் என்று முனுசாமியிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். என் 'உம்' மாதிரி ஒரு தலையாட்டல் அது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் என்னைக் கல்லூரி வாசலில் பன்னீர்ச் செம்போடு நிறுத்திவிட்டார்கள். ஜாடிகளை அடுக்கும் பொறுப்பு முனுசாமிக்கு. குழு பதினோரு மணிக்கு வரவில்லை. திருப்பதிக்கு வருகிற எந்தக் குழுவும் முதலில் மலைக்குத்தான் போகும். பெருமாளைப் பார்த்துவிட்டு, பிறகு எங்களைப் பார்க்கும். பன்னிரண்டரைக்கு வந்தார்கள். குழுத் தலைவர் பெரிய விலங்கியல் பேராசிரியர், மெட்ராசில் படித்தவர், நன்றாகத் தமிழ் பேசுவார். புது மொட்டை போட்டு, சந்தனம் பூசி, ஜோதியாக இருந்தார். ஆனால் வழியெல்லாம் கையால் துழாவிக்கொண்டே நடந்தார். மலையில் கூட்டத்தில் மூக்குக்கண்ணாடியைத் தொலைத்துவிட்டாராம். கூட வந்தவர்களில் ஒருவர் வேதியியல். இன்னொருவர் எதற்கு வந்தார் என்று கடைசிவரை தெரியவில்லை, லட்டுப் பையை அவர்தான் வைத்திருந்தார்.

பன்னீர்ச் செம்பை வைத்துவிட்டு நான் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தபோது குழுத் தலைவர் முதல் ஜாடியில் இரண்டு விரலை விட்டிருந்தார்.

"பேஷ்! நல்ல வளர்ச்சி," என்றார். "உள்கூடு நார் நாரா எவ்வளவு ஸ்பஷ்டமா இருக்கு! எங்க கிடைச்சுது?"

"லோக்கல் சார்," என்றார் எங்கள் தலைவர். அவர் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம்.

எனக்குப் புரியவில்லை. உள்கூடு எங்கிருந்து வந்தது? எட்டிப் பார்த்தேன். பாசி பிடித்த தண்ணீரில் பச்சையாக, புசுபுசுவென்று, அழகாக ஒன்று உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் ஒரு கறுப்பு விதை மிதந்தது. ஆய்வுக்கூடத்து ஜாடிகளைத் தேய்த்துக் கழுவ முனுசாமி வைத்திருக்கும் பீர்க்கங்காய் நார்.

முனுசாமியைப் பார்த்தேன். அவர் பெருமையாக நின்றிருந்தார். என் காதருகே குனிந்தார்.

"ஸ்பாஞ்சு தொட்டா ஒண்ணும் பண்ணாதுன்னு நீங்கதான சார் சொன்னீங்க? இது மட்டும் இன்னா பண்ணப் போவுது?"

அந்த வாதத்தில் இன்றுவரை என்னால் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு பிராணியின் இலக்கணமே தொட்டால் ஒன்றும் செய்யாதது என்றால், பீர்க்கங்காய் அதற்கு நூற்றுக்கு நூறு பொருந்துகிறது. வந்திருப்பவரும் ஒத்துக்கொண்டுவிட்டார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். வேலை நிரந்தரம், கமலா கதவுக்கு முன்னால் வந்துவிடுவாள். வாயைத் திறந்தாலோ, விலங்கியலில் பேர் பெற்ற ஒருவரை இரண்டு பேர் முன்னால், அவர் பாராட்டிய வாய் மூடுவதற்குள், காய்கறியைப் பார்த்து ஏமாந்தவர் ஆக்க வேண்டும். மூடிக்கொண்டேன். இறுக்கமாகத்தான் மூடிக்கொண்டேன்.

அவர் இரண்டாவது ஜாடியைத் தூக்கினார். முகத்துக்கு நேரே பிடித்தார். திருப்பிப் பார்த்தார். விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றினார்.

"இது காலி," என்றார். கையிலிருந்த தாளில் குறித்துக்கொண்டார்.

எங்கள் தலைவர் முந்திக்கொண்டார். "ஆமா சார்," என்றார், "காலிதான்."

"காலி இல்ல சார்!"

கத்தியது யார் என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். நான்தான்.

"அதுலதான் சார் உயிர் இருக்கு! முதல் ஜாடில இருக்கறதுதான் பீர்க்கங்காய்!"

ஆறாவது ஜாடியில் தவளை ஒரு தடவை கத்தியது. எங்கள் தலைவர் மேசையைப் பிடித்துக்கொண்டார். லட்டுப் பைக்காரர் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். குழுத் தலைவர் திரும்பி முதல் ஜாடியருகே போனார், உள்ளே இருந்ததை வெளியே எடுத்துப் பிழிந்தார். மேசையில் இரண்டு விதைகள் விழுந்தன. ஒன்றை எடுத்து நகத்தால் கீறிப் பார்த்தார்.

"யார் வச்சது?" என்றார்.

முனுசாமி வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன். "நாங்க சார். ஸ்பாஞ்சைக் கொன்னது நான்." அப்புறம் என்னால் நிறுத்த முடியவில்லை. சாய்வெழுத்து, சுண்ணாம்பு, 'உம்', ஏரி, கயிறு, மணியக்காரர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நாற்று முடிச்சு அம்மாள் கேட்ட கேள்வியையும் சொன்னேன். தாலுகா ஆபீசைப் பற்றிச் சொன்னதை மட்டும் விட்டுவிட்டேன்.

குழுத் தலைவர் வேதியியல்காரரின் மூக்குக்கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். ஸ்டூலை இழுத்து ஹைட்ராவுக்கு முன்னால் உட்கார்ந்தார். என்னிடம் கையை நீட்டினார், பூதக்கண்ணாடியைக் கொடுத்தேன். இன்னொரு தடவை கையை நீட்டினார், ஊசியைக் கொடுத்தேன். அவர் விரல் சுற்றிய சுற்றில் அவை எல்லாம் சுருங்கிக் கிடந்தன. விரியும்வரை காத்திருந்தார். ஒன்றைக் குத்தினார். காத்திருந்தார். வேறு இடத்தில் குத்தினார். எங்கள் தலைவர் மூன்று தடவை மற்ற ஜாடிகளைப் பற்றி ஞாபகப்படுத்தினார். நான்காவது தடவை அவரே தவளை ஜாடி மூடியைத் திறந்து காட்டப் போக, அது ஒரே தாவாகத் தாவி வேதியியல்காரர் மடியில் உட்கார்ந்தது. குழுத் தலைவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. கடைசியில் எழுந்தார், மூக்குக்கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தார், கை கழுவிக்கொண்டு போய்விட்டார்.

நான் அன்றைக்கே பெட்டியைக் கட்டிவிட்டேன். என் தலைவர் என்னைத் திட்டவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "பாவம் அய்யா நீ" என்றார். மாமாவுக்குக் கார்டு எழுத உட்கார்ந்தேன். எழுத ஒன்றும் இல்லை. கமலாவை வேறு இடத்தில் கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்தபோது அழுதேன். இருபத்து மூன்று வயதில் அழுவதற்கு வெட்கப்பட்டேன், இப்போது வெட்கமில்லை.

ஒரு மாதம் கழித்துப் பல்கலைக்கழகக் கடிதம் வந்தது. முதல்வர் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு உரக்கப் படித்தார். கட்டடம் சுமார். நூலகம் போதாது. சுண்ணாம்பு அதிகம். கடைசிப் பத்திக்கு வந்ததும் அவர் ஒரு தடவை மனசுக்குள் படித்துப் பார்த்துவிட்டு, பிறகு சத்தமாகப் படித்தார்.

"இத்துறையில் விலங்குக்கும் காய்கறிக்கும் வித்தியாசம் சொல்லக்கூடிய ஒருவர் இருக்கிறார். அன்று அந்த அறையில் இருந்த வேறு யாரைப் பற்றியும், என்னையும் சேர்த்து, அப்படிச் சொல்ல இயலாது. அவரை நிரந்தரமாக்கும் நிபந்தனையின் பேரில் அனுமதி அளிக்கலாம்."

வைகாசியில் கல்யாணம். மாமா சொன்ன சொல் தவறவில்லை, மறுநாளே நாள் குறித்துவிட்டார். எங்கள் தலைவர் பந்தலில் நின்று வருகிறவர்களிடமெல்லாம் என் நேர்மையைப் பற்றித் தமிழிலும் தெலுங்கிலும் பேசினார். அதற்கப்புறம் புதிதாகச் சேர்ந்த ஒவ்வொருவரிடமும் சொன்னார், நான் ஓய்வு பெற்ற அன்று நடந்த கூட்டத்திலும் அவர் இடத்துக்கு வந்தவர்கள் சொன்னார்கள். நான் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டேன். இத்தனை வருஷமாக யாரிடமும் மறுத்துச் சொன்னதில்லை, கமலாவிடம்கூட. உங்களிடம் சொல்கிறேன், நீங்கள் என்னை நம்பி எதையாவது செய்து வைக்கக் கூடாது என்பதற்காக.

அது நேர்மை இல்லை. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, ஊரிடம் மாட்டிக்கொண்டு, மடியில் வைத்துக் கொண்டுவந்ததைப் பார்த்து ஒருவர் காலி என்று எழுதினார், என்னால் பொறுக்க முடியவில்லை, அவ்வளவுதான். யோசிக்க இன்னும் அரை நிமிஷம் கிடைத்திருந்தால் நானும் காலி என்றுதான் சொல்லியிருப்பேன்.